சுகர் வேறு கணக்கு, எடை வேறு கணக்கு

"உலகத்தின் சர்க்கரை நோய்த் தலைநகரம் இந்தியா" என்று பத்திரிகைகள் எழுதாத வருடமே கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது அது. எண்ணைப் பார்த்து "அடேயப்பா" சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் அந்தப் பத்துக் கோடியில் ஒருவருக்கு, அதுவும் கொஞ்சம் குண்டாக இருக்கும் ஒருவருக்கு, ரிசல்ட் கைக்கு வந்த முதல் வாரத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் அதிகம் பேசுவதில்லை.

என்ன நடக்கிறது? தீர்ப்பு வழங்கப்படுகிறது!

"அப்பவே சொன்னேன், வாயைக் கட்டுடான்னு. கேட்டாத்தானே?" - இது அம்மா.

"ராத்திரி ராத்திரி பரோட்டா தின்னா வராம என்ன செய்யும்?" - இது மாமா (கையில் பஜ்ஜித் தட்டோடு).

"வெயிட்டைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்." - இது டாக்டர். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கேட்பவர் காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான்: "எல்லாம் உன் தப்பு." ஒல்லியாக இருப்பவருக்கு சுகர் வந்தால் "பாவம், பரம்பரை வியாதி" என்கிற ஊர், குண்டாக இருப்பவருக்கு வந்தால் "வேண்டியதுதான்" என்கிறது. ஒரே நோய், இரண்டு நீதி!

உடம்பின் கதை வேறு

2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சுவாரசியமான படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கும் எடைக்குமான விகிதம், அதாவது பிஎம்ஐ, ஒன்றேதான்: 22.3. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் லண்டன்காரர் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், புனேக்காரர் உடலில் 21.2 சதவீதம்! லண்டன்காரர் மாரத்தான் ஓடுபவர் என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும் அதே எடையில் இந்திய உடம்பு அதிகக் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது, அதுவும் வயிற்றைச் சுற்றி வைக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். அதனால்தான் வெளிநாட்டில் 25ஐத் தாண்டினால் அதிக எடை என்றால், இங்கே 23லேயே மணி அடிக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

பசியும் அப்படித்தான். டிர்செபடைட் என்ற ஊசி 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. குடலில் சுரக்கும் இரண்டு ஹார்மோன்களைப் போல அது வேலை செய்கிறது. பசி அடங்குகிறது, எடை குறைகிறது. விலை, பக்க விளைவு எல்லாம் தனி விவாதம். ஆனால் ஒரு ஹார்மோனைத் தொட்டால் பசி அடங்குகிறது என்றால், அந்தப் பசி வெறும் ஒழுக்கக் கேடாக எப்படி இருக்க முடியும்? பக்கத்து இலைக்காரர் ஒரு கரண்டிச் சோற்றில் எழுந்துவிடுவது அவருடைய வைராக்கியமாகவே இருக்க வேண்டியதில்லை. அவருக்கு அவ்வளவுதான் பசி!

இரண்டையும் முடிச்சுப் போட்டால்

குற்ற உணர்ச்சியோடு ஆரம்பிக்கும் வைத்தியம் எப்படிப் போகும் என்பது பல வீடுகளில் பார்த்த கதை. முதல் வாரம் சோறு கட். காலையில் ஓட்ஸ், மாலையில் பாகற்காய்ச் சாறு, விடியற்காலை ஐந்து மணிக்கு வாக்கிங், புது ஷூ. மூன்றாம் வாரம் எடை இயந்திரம் இரண்டு கிலோ குறைத்துக் காட்டும். வீடே கொண்டாடும். ஆறாம் வாரம் முள் அசையாது. எட்டாம் வாரம் ஒரு கல்யாண விருந்து, அரைக் கிலோ கூடும். "எவ்வளவு செஞ்சும் குறையலையே, அப்புறம் எதுக்கு?" என்ற கேள்வி வரும். அன்றைக்கு வாக்கிங் நிற்கும். அடுத்து மாத்திரை நிற்கும். கடைசியாக டாக்டரிடம் போவதும் நிற்கும், ஏனென்றால் அங்கேயும் முதலில் எடை இயந்திரத்தில்தான் ஏறி நிற்கச் சொல்வார்கள்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. எடை என்ற கணக்கில் தோற்றதற்காக, ஜெயித்துக்கொண்டிருந்த சுகர் கணக்கையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால் மிச்சம் சிறுநீரில் வெளியேறத் தொடங்கும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் போகும். அதனால் நோய் தெரியாமல் முற்றும்போது சிலர் இளைப்பார்கள். "ஆள் ஸ்லிம் ஆயிட்டீங்களே!" என்று பாராட்டு வேறு கிடைக்கும். சிகிச்சை ஆரம்பித்ததும் அந்த ஒழுகல் நின்றுவிடும், எடை கொஞ்சம் ஏறும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் தம் பங்குக்கு எடையைக் கூட்டக்கூடியவை. மெட்பார்மின் பொதுவாகக் கூட்டுவதில்லை. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் போதும். சொல்லாததால், "மாத்திரைதான் குண்டாக்குது" என்று தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தாமல் டாக்டரிடம் போய் "எடை கூடாத மாத்திரை இருக்கா சார்?" என்று கேட்பது ஒருவருடைய உரிமை.

சென்னை சொன்ன பாடம்

எடை குறையாவிட்டால் உழைத்ததெல்லாம் வீணா? இல்லை என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 சதவீதம்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், மாற்றிக்கொண்டவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! எடை முள் அசையாமலே உள்ளே நல்லது நடந்திருக்கிறது.

அது நோய் வருவதற்கு முன் நிலையில் இருந்தவர்களைப் பற்றியது. நோய் வந்தவர்களுக்கு? பிரிட்டனில் நடந்த புகழ்பெற்ற யூகேபிடிஎஸ் ஆய்வு 1998இல் முடிவுகளை வெளியிட்டது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட, அதிக எடை கொண்டவர்களில் மெட்பார்மின் கொண்டு சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு, உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பியவர்களை விட நோய் சார்ந்த பாதிப்புகள் 32 சதவீதம் குறைந்தன. பத்து வருடம் கழித்து, 2008இல், மறுபடி பார்த்தார்கள். இரண்டு குழுவினரின் சர்க்கரை அளவும் இதற்குள் ஒன்றாகிவிட்டிருந்தது. ஆனாலும் ஆரம்பத்தில் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பலன் தொடர்ந்தது. ஆரம்ப வருடங்களில் சர்க்கரையைக் கட்டிப்போடுவது வங்கியில் போட்ட பணம் மாதிரி, பின்னால் வட்டி தருகிறது.

அப்படியானால் எடை முக்கியமே இல்லையா?

முக்கியம்தான். இதை மறைப்பது நேர்மையாகாது. 2017இல் வெளியான டைரக்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வில், நோய் வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளைக்குச் சுமார் 850 கலோரி மட்டுமே கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரையே இல்லாமல் சர்க்கரை இயல்புக்கு வந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல்! கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைந்ததுதான் காரணம் என்கிறார்கள். புதிதாக நோய் வந்தவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

ஆனால் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ் அல்லது உணவு நிபுணர் கூடவே இருந்தார். அப்படியிருந்தும் இரண்டாம் வருடம் அந்த 46, 36 ஆகிவிட்டது. துணையோடு செய்தவர்களுக்கே இவ்வளவு கஷ்டம் என்றால், "வாயைக் கட்டு" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ஒருவர் தனியாக என்ன செய்வார்? வைராக்கியத்தில் பட்டினி கிடப்பது ஆபத்தும்கூட. கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். கடும் உணவுக் கட்டுப்பாடு டாக்டருக்குத் தெரிந்துதான் நடக்க வேண்டும்.

தட்டில் என்ன இருக்கிறது?

2025இல் வெளிவந்த ஆய்வொன்று, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து என்றது. அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ மாற்றினால் மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்தும் குறைய வேண்டும் என்றும் சொன்னது. அதாவது, சோற்றை விட்டுவிட்டு ஆறு சப்பாத்தி சாப்பிடும் வைத்தியம் செல்லாது! வெல்லம், கருப்பட்டி, தேன் என்று பெயர் மாற்றினாலும் சர்க்கரை சர்க்கரைதான். குழம்புச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்ற மூன்று சுற்றை ஒரு சுற்றாக்கி, பாதித் தட்டுக்குக் காய், கால் தட்டுக்குப் பருப்போ முட்டையோ மீனோ சுண்டலோ என்று வைத்தால் பசியும் அடங்கும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிட நடை, சாப்பாட்டால் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும். எடை எத்தனை கிலோவாக இருந்தாலும் குறைக்கும்.

இதிலும் வீட்டுப் பெண்களின் பாடு தனி. எல்லோரும் சாப்பிட்டபின் கடைசியில் உட்கார்ந்து, காய் தீர்ந்துபோன பாத்திரத்தில் மிச்சச் சோற்றை "வீணாகக் கூடாதே" என்று முடிக்கிறவர் பெரும்பாலும் அம்மாதான். அவருக்குத் தனியாக டயட் சார்ட் எழுதித் தருவதால் பயனில்லை. வீட்டின் சமையலே மாற வேண்டும். கல்யாணமாகாத பெண்ணுக்கு நோய் வந்தாலோ இன்னும் மோசம். "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்பார்கள். மறைத்து வைத்த நோய்க்கு மாத்திரை நேரத்துக்குப் போடவும் முடியாது, விசேஷ வீட்டில் ஸ்வீட்டை மறுக்கவும் முடியாது.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. பாராட்ட வேண்டிய விஷயம். மாத்திரை வாசல் வரை வரும். அதற்கு மேல் வீட்டுக்குள் நடப்பது வீட்டில் இருப்பவர்கள் கையில்தான்.

அதனால், புதிதாக நோய் வந்தவர் ஒரு நோட்டில் இரண்டு பக்கம் போட்டுக்கொள்வது நல்லது. ஒரு பக்கம் சுகர்: மாத்திரை, நடை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி, வருடத்துக்கு ஒருமுறை கண், பாதம், சிறுநீரகப் பரிசோதனை. இன்னொரு பக்கம் எடை: மெதுவாக, முடிந்தவரை. இரண்டாம் பக்கத்தில் ஒரு மாதம் முட்டை வாங்கினாலும் முதல் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. கண்ணும் காலும் சிறுநீரகமும் தப்பிப்பது பெரும்பாலும் முதல் பக்கத்தால்தான்.

சுற்றி இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. "எவ்வளவு குறைஞ்சிருக்கே?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "வாங்க, சாப்பிட்டாச்சு, கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்புவதுதான் அது.