இகுவானாவுக்கு எந்தக் கீரை?



பூனையும் மீன்தொட்டியும் இருந்த நம் வீடுகள் சிலவற்றில் பச்சை இகுவானாவும் குடியேறியிருக்கிறது. பலர் அதனை உடும்பு என்றே அழைக்கின்றனர். பெயரில் நேர்ந்த இந்தக் குழப்பம் தீனித் தட்டுக்கும் வந்துவிடுகிறது. தோட்டப்புறத்தில் கோழி முட்டையைக் களவாடும் உடும்பு மாமிச உண்ணி. நடு அமெரிக்க, தென்னமெரிக்கக் காடுகளைச் சேர்ந்த இகுவானாவோ தாவர உண்ணி. முட்டையையும் இறைச்சியையும் கொடுத்தால் அது ஆவலோடு தின்னும் என்பது உண்மையே. ஆனால், அந்தப் புரதம் நாளடைவில் அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். தொடக்கப்பள்ளி அறிவியலில் இவ்விரு சொற்களையும் மனனம் செய்த பிள்ளைகள் வீட்டில் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

கீரைதானே, எதைக் கொடுத்தால் என்ன என்று எண்ணுவது அடுத்த பிழை. முளைக்கீரையும் பசளைக்கீரையும் நமக்கு நல்லவை. எனினும் அவற்றில் மிகுந்துள்ள ஆக்சலிக் அமிலம், சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது பிடித்துக்கொள்கிறது. அவற்றையே நாள்தோறும் தின்னும் இகுவானாவின் எலும்பு மென்மையாகும்; தாடை வீங்கும்; கால்கள் நடுங்கும். கொழுத்து வளர்கிறது என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையில் அது நோயில் கிடக்கும். கடையில் வாங்கும் சலாட் இலை நஞ்சன்று. ஆனால் பெரும்பகுதி தண்ணீரே.

மரவள்ளி இலையைத் தனியே குறிப்பிட வேண்டும். சப்பானியர் காலத்தில் நம் முன்னோர் மரவள்ளியை உண்டு உயிர் பிழைத்தனர். அதன் கொழுந்தை இன்றும் அவித்து உண்கிறோம். பச்சை இலையில் சயனைடை வெளியிடும் பொருள் இருப்பதால்தான் அவித்து நீரை வடிக்கிறோம். இகுவானாவுக்கு யாரும் அவித்துத் தருவதில்லை. ஆகவே அந்த இலை வேண்டவே வேண்டாம். (1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பரும் மரவள்ளியின் குடும்பமே. இரப்பர் இலையும் ஆகாது.)

அப்படியென்றால் எதைத்தான் கொடுப்பது? முருங்கை இலை, செம்பருத்தியின் இலையும் பூவும், சந்தையில் சாவி என்று விற்கும் கடுகுக்கீரை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பூசணிக்காயும் பச்சை அவரையும் சேர்க்கலாம். பப்பாளிப் பழம் சிறிதளவு போதும். இகுவானா நம்மைப் போல் மென்று அரைப்பதில்லை, கடித்து விழுங்கிவிடும். ஆதலால் எல்லாவற்றையும் பொடியாக நறுக்க வேண்டும். உண்ட சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வெயிலும் வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் விழும் வெயில் அதற்குப் பயன்படாது. முற்றத்துக் கூண்டில் வெயிலும் நிழலும் இரண்டும் இருக்கட்டும்.

பழைய தோட்டங்களையொட்டி வாழ்வோருக்கு இன்னோர் எச்சரிக்கை. இரப்பர் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அதன் அடியில் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. நம் தாய்மார் தோளில் சுமந்து தெளித்த பாராகுவாட்டுக்கு 2002இல் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் அது தளர்த்தப்பட்டு, 2020 சனவரி முதல் தேதியில்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. கிளைபோசேட் இன்னும் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று செம்பனை ஓரத்தில் பிள்ளைகளைத் தழை பறிக்க அனுப்பாதீர்கள். ஓணானுக்கு முன்பாகவே அந்த மருந்து பிள்ளையின் கையில் பட்டுவிடும். கேமரன் மலையிலிருந்து ஈப்போ சந்தைக்கு இறங்கும் காய்கறியையும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள்.

கழுவ வேண்டியது கீரையை மட்டுமன்று. இகுவானாவின் உடலிலும் கழிவிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். தீனித் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் இகுவானா வேண்டாம் என்பதே என் கருத்து.

உள்ளங்கையளவு குட்டியாய் வரும் இது, வாலோடு ஒன்றரை மீட்டர் வரை வளரும். பத்தாண்டுக்கு மேலும் வாழும். வளர்ந்தபின் ஆற்றோரம் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள், புளோரிடாவிலும் தைவானிலும் அது பயிர் தின்னும் தொல்லையாகப் பெருகியிருப்பதை அறிய வேண்டும். பிள்ளை கேட்டவுடன் கடைக்கு ஓடாதீர்கள். உரிமம் பற்றி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் முதலில் கேளுங்கள். கொல்லையில் ஒரு முருங்கைக் கிளையையும் ஒரு செம்பருத்தியையும் பிள்ளையின் கையாலேயே நடச் சொல்லுங்கள். அவை தழைக்கும்வரை நாள்தோறும் நீர் ஊற்றுகிறானா என்று பார்த்துவிட்டு, அதன்பின் இகுவானாவைப் பற்றிப் பேசலாம்.