பையன் முகத்தைப் பாருங்கள்
என் மருமகன் தூத்துக்குடியில் மீன் ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீரில் பின்தொட்டி துருப்பிடித்தது. ரப்பர் பாய் விரித்தார். ஈரம் அடியில் தங்கி ஓட்டையே விழுந்தது. "ஸ்ப்ரே லைனர் அடிச்சிடலாம் மாமா, ஒரு இடத்துல மலிவா இருக்கு" என்றார். கூடவே போனேன்.

அங்கே ஒரு பையன் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தான். "வாங்க மாப்பிள்ளை, போவோம்" என்று திரும்பிவிட்டேன்.

அந்தப் பாலியூரித்தேன் கலவையில் ஐசோசயனேட் இருக்கிறது. அடிக்கும்போது சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இறுகும். கைக்குட்டை எதற்கும் உதவாது. குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். பூச்சு காய்ந்தபின் வண்டிக்காரருக்குக் கவலையில்லை. பையனுக்குத்தான் ஆயுசுக்கும் கஷ்டம்.

"அது கடைக்காரர் பாடு" என்கிறார்கள். மலிவு கேட்டது யார்? நாம்தானே!

இன்னொன்றும் சொல்கிறேன். முகமூடியில் மிச்சம் பிடிக்கிறவர், துருவைச் சுரண்டித் தேய்ப்பதிலும் மிச்சம் பிடிப்பார். சரியாகத் தேய்க்காத தகட்டில் எத்தனை உசத்தியான பூச்சும் உரிந்து வரும். ஆகவே விலையைக் கேட்குமுன் அடிக்கிற பையனின் முகத்தைப் பாருங்கள்.