நஞ்சைச் சேமிப்போர் பொறுப்பு

1984 டிசெம்பர் 2ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளை, போபால் நகரின் யூனியன் கார்பைட் ஆலையிலிருந்து வெளியேறிய மெதைல் ஐசோசயனேற்று, உறங்கிக் கிடந்த ஏழை மக்களை ஆயிரக்கணக்கில் மாய்த்தது. அங்கே ஆக்கப்பட்டதோ பூச்சிமருந்து! கமக்காரர் கையிலெடுக்கும் போத்தலுக்குப் பின்னால் இத்தகைய களஞ்சியமும் உண்டு.

அதனை விபத்தென்பர், நாம் அவ்வாறு கூறோம். நீர் புகுந்தால் கொதித்தெழும் அத்திரவம் ஏறத்தாழ 40 தொன் ஒரே தாங்கியில் இருந்தது. அதனைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்கும் கோபுரத்தின் குழாயோ கழற்றப்பட்டுக் கிடந்தது. காவல்நாயைக் கட்டிவைத்தவன் கள்வனை நோவதா?

1989இல் 47 கோடி டொலருடன் கணக்குத் தீர்க்கப்பட்டது. இந்திய அதிகாரிகளுக்கு 2010இல் விதிக்கப்பட்டது ஈராண்டுச் சிறை. அவர்களும் பிணையிற் சென்றனர். அமெரிக்கத் தலைவர் அண்டர்சன் விசாரணைக்கு முகங்கொடாமலே 2014இல் காலமானார்.

டில்லியில் 1985இல் நேர்ந்த ஒலியம் கசிவு வழக்கிலே இந்திய உச்ச நீதிமன்றம் 1986இல் வகுத்த விதியை நாம் போற்றுகின்றோம். ஆபத்தான தொழில் நடத்துவோனுக்கு, ஆங்கிலேயரின் றைலண்ட்ஸ் வழக்கு அளித்த விலக்குகள் எவையுமில்லை. அவன் கவனமாயிருந்தானா என்ற கேள்விக்கே இடமில்லை. நட்டஈடும் கம்பனியின் செல்வத்துக்கேற்ப உயரும்.

ஆனால், அது பிணம் விழுந்த பின் கிடைக்கும் நீதி. காவற்கருவி பழுதெனில் உற்பத்தி நிற்கவேண்டும். நிறுத்தச் சொல்லும் தொழிலாளியைச் சட்டம் காக்கவேண்டும். உள்ளிருக்கும் நஞ்சின் பெயரும் அதற்குரிய வைத்தியமும் அயலவருக்கு முன்னரே அறிவிக்கப்படவேண்டும். போபால் வைத்தியர்கள் அன்றிரவு இன்ன நஞ்சென்று அறியாமலே மருத்துவம் செய்தனர்.