ரத்தத்தில் இல்லை வியாபாரம்

விருதுநகர் பஜாரில், சிவகாசி டீக்கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் ஒரு பேச்சு வந்துவிடும். "நாடாருக்கு வியாபாரம் ரத்தத்துலயே ஊறினது." சொல்பவர் பாராட்டாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் பேச்சு அங்கே நிற்பதில்லை. சற்றுக் குரல் தணிந்து அடுத்த பாதியும் வருகிறது: "மத்தவங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. கையில நாலு காசு நின்னாத்தானே?" முதல் பாதியைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் இரண்டாம் பாதிக்கும் தலையாட்டிவிடுகிறார்கள்.

இரண்டு பாதியும் பொய். பாராட்டுப் போலத் தெரியும் முதல் பாதி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு சமூகம் பட்ட பாட்டையும் போட்ட திட்டத்தையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் ரத்தத்தை வைக்கிறது. இரண்டாம் பாதி, வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களின் வறுமையை அவர்கள் தலையிலேயே கட்டுகிறது. இந்த நம்பிக்கையை இந்த விருதுநகர் மாவட்டத்தின் வரலாற்றை வைத்தே மறுக்கலாம்.

ரத்தம்தான் காரணம் என்றால், ஒரே ரத்தத்துக்கு ஒரே பலன் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததா? திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடித் தேரிக்காட்டில் பனையேறி வாழ்ந்தவர்களும், விருதுபட்டியிலும் (இன்றைய விருதுநகர்) சிவகாசியிலும் கடை வைத்தவர்களும் ஒரே சமூகம்தான். பனையேறியின் உழைப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாளை சீவும் பருவத்தில் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது மரம். காலையில் ஏறிய மரத்தில் மாலையிலும் ஏற வேண்டும். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள், நெஞ்சு முழுக்கக் காய்ப்பு. கீழே அவன் மனைவி கொதிக்கும் பதநீர் முன்னால் புகையில் உட்கார்ந்து கருப்பட்டி காய்ச்சுகிறாள். இதைவிடக் கடினமாக யாரால் உழைக்க முடியும்? ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பங்கள் கடனில் இருந்தன. மரம் ஒருவருடையது, காய்ச்சிய கருப்பட்டி முன்பணம் கொடுத்தவருடையது. பருவம் முடிந்தால் கையில் வேலை கிடையாது. அதே சமூகத்தின் இன்னொரு கிளை வடக்கே கரிசல் பூமிக்கு வந்து பருத்தியும் வத்தலும் எண்ணெயும் விற்று உயர்ந்தது. ரத்தம் ஒன்று, கதி இரண்டு. அப்படியானால் காரணத்தை ரத்தத்துக்கு வெளியேதான் தேட வேண்டும்.

தேடினால் கிடைக்கிறது. 1801-இல் பாளையக்காரர் போர்கள் முடிந்தபின் தென்பாண்டிப் பாதைகளில் சரக்கு வண்டி போவது மெல்ல மெல்லச் சாத்தியமானது. உப்பு, கருவாடு, கருப்பட்டி ஏற்றிய மாட்டுவண்டிகள் தெற்கிலிருந்து வடக்கே வந்தன. வழிப்பறிக்கு அஞ்சிய வியாபாரிகள் தங்குவதற்கு மதில் வைத்துப் பேட்டை கட்டினார்கள். உள்ளே கிணறு, மாட்டுக் கொட்டில், சரக்கு இறக்கிவைக்க இடம், இரவுக் காவல். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் இப்படித்தான் வணிக ஊர்களாக வேரூன்றின. அந்நியராக வந்து குடியேறியவர்களுக்கு ஊரில் காணியும் இல்லை, கோயிலில் இடமும் இல்லை. அவர்களை ஒன்றுசேர்த்தது அந்த இல்லாமை.

அந்த ஒற்றுமைக்கு அவர்கள் கொடுத்த உருவம்தான் உறவின்முறை என்ற ஊர்ச் சபையும் மகமை என்ற பொதுநிதியும். பேட்டைக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும், நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு சிறு தொகை பொதுநிதிக்குப் போகும். பெரிய வியாபாரி, சிறிய வியாபாரி என்று விலக்கு இல்லை. அந்தப் பணம் கோயிலானது, கிணறானது, வழக்குச் செலவானது, பள்ளிக்கூடமானது. விருதுபட்டியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சத்திரிய வித்யாசாலைக்கு வீடுதோறும் பிடியரிசி எடுத்தார்கள். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைப்பது, அது சேர்ந்ததும் பள்ளிக்குக் கொடுப்பது. அந்தப் பள்ளியில்தான் காமராஜர் படித்தார். 1910-இல் நாடார் மகாஜன சங்கம், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. அந்த வங்கியின் பெயர்தான் 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்றானது. ஒரு பிடி அரிசியிலிருந்து ஒரு வங்கிவரை எல்லாம் மனிதர் கூடிப் பேசி, கணக்கு எழுதி, சண்டை போட்டு, சமாதானமாகிக் கட்டியவை. எதுவும் தாயின் வயிற்றில் வந்ததல்ல.

சிவகாசித் தொழிலும் அப்படியே. 1922-இல் பி. அய்யநாடாரும் அவர் உறவினர் ஏ. சண்முகநாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். முன்பின் தெரியாத தொழிலை அந்நிய ஊரில் போய்க் கற்கிற துணிவு பெரிது; அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் கற்றுத் திரும்பியவர்களுக்கு முதலீடு கொடுக்க உறவு இருந்தது, சரக்கை வாங்கி விற்க ஊர் ஊராகக் கடைகள் இருந்தன. பின்னாளில் இயந்திரத் தீப்பெட்டியைவிடக் கைத்தொழில் தீப்பெட்டிக்குக் குறைந்த கலால் வரி என்று அரசும் கை கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வராமல் போனதும் உள்ளூர்ப் பட்டாசுக்குச் சந்தை திறந்தது. துணிவு, முதல், உறவு, வரிச்சலுகை, காலம் என எல்லாம் சேர்ந்துதான் சிவகாசி. இதில் நான்கை மறைத்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கும் ரத்தம் என்று பெயர் வைப்பது என்ன நியாயம்?

அவர்கள் தாண்டிவந்த சுவரையும் இந்தப் பேச்சு மறைக்கிறது. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கு. அது லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908-இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. கோயில் நுழைவுப் பிரச்சினை முற்றி, 1899 ஜூன் 6 அன்று சிவகாசி சூறையாடப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த தாழ்த்தப்பட்டோருடன் விருதுநகரைச் சேர்ந்த ஒரு நாடாரும் இருந்தார். அதாவது, பணம் சேர்ந்து, பள்ளிக்கூடமும் வங்கியும் கண்ட பிறகும் கோயில் கதவு திறக்க 1939 ஆயிற்று. "ரத்தத்தில் ஊறியது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் இத்தனையும் நடக்காதது போலாகிவிடும்.

இதே ரத்தக் கோட்பாடு இதே மண்ணில் வேறு சிலரை என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். "வியாபாரம் ரத்தத்தில்" என்று நம்புகிறவர் "திருட்டு ரத்தத்தில்" என்பதை எப்படி மறுப்பார்? வெள்ளைக்கார அரசு அதைத்தான் சட்டமாக எழுதியது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்தே மனிதரைக் குற்றவாளி என்று பதிவேட்டில் ஏற்றியது. கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களைப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது; 16 பேர் செத்தார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்தச் சமூகங்களின் பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாக, அதிகாரிகளாக, மருத்துவர்களாக இருக்கிறார்கள். ரத்தம் மாறவில்லை. சட்டம் மாறியது, பள்ளிக்கூடம் வந்தது. ஒருவனைப் பிறவி வியாபாரி என்பதும் இன்னொருவனைப் பிறவித் திருடன் என்பதும் ஒரே கொள்கையிலிருந்து வருகிற இரண்டு தீர்ப்புகள். ஒன்றை ஏற்றால் மற்றதற்கும் வழிவிட்டாக வேண்டும்.

உலகம் முழுக்க இந்தப் பேச்சு உண்டு. கனடாவுக்குப் போன ஐஸ்லாந்துக்காரர்கள் உயர்ந்ததைப் பார்த்து வைக்கிங் ரத்தம் என்பார்கள். ஆசியப் பிள்ளைகள் படிப்பில் முந்துவதைப் பார்த்து ஆசிய மூளை என்பார்கள். நடந்தது என்ன? எரிமலைச் சாம்பலிலும் பஞ்சத்திலும் அடிபட்டு 1875-இல் இன்றைய மானிடோபாவின் வின்னிபெக் ஏரிக்கரைக்கு வந்த ஐஸ்லாந்துக்காரர்களும் பெரும்பாடு பட்டவர்கள்தான். முதல் ஆண்டுகளிலேயே பெரியம்மை அவர்களில் பலரைக் கொண்டுபோனது. ஆனால் கனடா அரசு அவர்களுக்கென்று நிலப்பகுதியை ஒதுக்கியது, கடன் கொடுத்தது, சொந்த ஊராட்சி நடத்தவும் விட்டது. அந்த நிலத்தில் ஏற்கெனவே இருந்த பூர்வகுடிகள் இடம் இழந்தார்கள். அதே நாட்டின் ரயில் பாதையை மலை குடைந்து போட்ட சீனர்களுக்கோ, பாதை முடிந்த 1885-ஆம் ஆண்டிலேயே தலைவரி விதித்தார்கள். தலைக்கு 50 டாலரில் தொடங்கிய வரி 1903-இல் 500 டாலரானது. 1923-இல் கதவையே சாத்தினார்கள். 1947 வரை திறக்கவில்லை. ஒருவருக்கு நிலமும் கடனும், இன்னொருவருக்கு வரியும் தடையும். 1967-க்குப் பிறகு படிப்புக்கும் தொழில்திறனுக்கும் மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கத் தொடங்கியபின் படித்த ஆசியர்கள் அதிகமாகப் போனார்கள். அவர்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். இதில் மூளைக்கும் ரத்தத்துக்கும் என்ன வேலை?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இலங்கையில் யாழ்ப்பாணத் தமிழருக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே மிஷன் பள்ளிகள் கிடைத்தன. வழக்கறிஞரும் மருத்துவரும் பொறியாளரும் வந்தார்கள். அதே தமிழ் பேசிய மலையகத் தமிழருக்குக் கிடைத்தது லயன் வீடும் தேயிலைக் கூடையும். 1948-இல் குடியுரிமையும் பறிபோனது. இரு சாராரையும் ஒப்பிட்டு "யாழ்ப்பாணத்தான் மூளை" என்று பேசுகிறவர் தன் மொழிக்காரனையே இழிவுபடுத்துகிறார்.

இனி நம் பட்டாசு மண்டலத்துக்கு வருவோம். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் காலையில் விலக்கு ரோட்டில் நின்று பாருங்கள். வீட்டு வேலை முடித்து, தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு பெண்கள் ஆலை வண்டிக்கு நிற்பார்கள். ஆலையில் சரம் பின்னுகிறவள் விரல் ஒரு கணம் நிற்காது; பீஸ் ரேட், நின்றால் கூலி போச்சு. மருந்து செலுத்தும் அறையில் இருப்பவர் உடம்பெல்லாம் அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளி பூசினதுபோல் இருக்கும்; சாயங்காலம் எத்தனை முறை தேய்த்தாலும் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும். வீட்டுக்கு வந்தும் வேலை ஓய்வதில்லை; திண்ணையில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டுகிறார்கள். இந்த அறைகளில் தலித் குடும்பங்களின் பங்கு பெரிது. பிற சாதி ஏழைகளும் உண்டு. "வியாபாரம் ரத்தத்தில் ஊறிய" நாடார் வீட்டு ஏழைகளும் உண்டு. இவர்களிடம் உழைப்பு குறைவு என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்?

இவர்களிடம் இல்லாதது வேறு. மகமை இல்லை. ஜாமீன் கையெழுத்துப் போட உறவினர் இல்லை. அடமானம் வைக்க இடம் இல்லை. உரிமம் பெற்றவர் அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விட்டுவிட்டால், விபத்து நடந்த பிறகு யாரைக் கேட்பது என்றே தெரிவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். ஒவ்வொரு முறையும் உராய்வு என்று செய்தி வருகிறது, நிவாரணம் அறிவிக்கப்படுகிறது, அடுத்த வாரம் அடுத்த அறையில் மருந்து செலுத்துகிறார்கள். பிள்ளைகளை இந்த வேலையிலிருந்து மீட்க 1996-இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. வியாபாரம் ரத்தத்திலேயே ஓடுவதாகப் பெயரெடுத்த இந்த மாவட்டம் 2018-இல் நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் இருந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இடம் பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும் மட்டுமே.

ஒரு கேள்வி எழும். சிக்கனம், கட்டுப்பாடு, கூட்டுறவு ஆகியவை ஒரு சமூகத்தின் பண்பு இல்லையா, அதற்கு மதிப்பே இல்லையா? நிச்சயம் உண்டு. மகமையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அது கற்றுக்கொள்ளக்கூடியது, யாரும் கட்டக்கூடியது. கட்டுவதற்கு வருமானத்தில் ஒரு துளியாவது மிஞ்ச வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை கொடுக்க முதலில் மூட்டை வேண்டும். வாரக்கூலியில் பாதி முன்பணத்துக்குப் போகிறவளிடம் போய்ச் சிக்கனம் போதிப்பது கொடுமை. தன் சமூகம் பிடியரிசியில் நடத்திய பள்ளியில் படித்த காமராஜர், முதலமைச்சரானதும் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு ரத்தத்தில் இல்லை என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடம் திறந்தார், மதிய உணவு போட்டார். தன் ஊர் வரலாற்றிலிருந்து அவர் கற்ற பாடம் அது. அவர் படத்தைக் கடையில் மாட்டி மாலை போடுகிறவர்களே ரத்தக் கதையைப் பேசுவது அவருக்குச் செய்யும் துரோகம்.

ஆகவே என் கோரிக்கை வெளிப்படையானது. பட்டாசுத் தொழிலாளிக்கு ஆலை ஆலையாகப் பெயர் பதிவு வேண்டும், ஈ.எஸ்.ஐ., வருங்கால வைப்புநிதி வேண்டும். உள்குத்தகைக்கு விடுகிறவரின் உரிமம் போக வேண்டும். வீட்டுமனைப் பட்டா பெண் பெயரில் வேண்டும்; அந்தப் பட்டாவின் பேரில் வங்கிக் கடன் கிடைக்க வேண்டும். விற்கும் ஒவ்வொரு பட்டாசுப் பெட்டிக்கும் ஒரு சிறு தொகை தொழிலாளர் பிள்ளைகளின் மேற்படிப்புக்கென ஒதுங்க வேண்டும். ஆலை அதிபர்களே, இது உங்களுக்குப் புதியதல்ல. உங்கள் பாட்டனார்கள் கண்டுபிடித்த வழி இது. அன்று உறவின்முறைக்குள் நின்ற மகமையைச் சரம் பின்னுகிறவள் வீடுவரை நீட்டுங்கள். அதைச் செய்ய மனமில்லை என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள்; ரத்தத்தின் மேல் பழி போடாதீர்கள்.