45 டிகிரிக்கு மார்க் உண்டு... மெடல் இல்லை!

சின்னதா ஒரு டெஸ்ட். ஒரு பொருளை ரொம்ப தூரம் போற மாதிரி எறியணும்னா, எந்தக் கோணத்தில் எறியணும்? கேள்வி முடியறதுக்குள்ளேயே '45 டிகிரி!'னு கத்தியிருப்பீங்களே... ப்ளஸ் ஒன் பிசிக்ஸில் ஆரம்பிச்சு இன்ஜினீயரிங் முதல் வருஷ மெக்கானிக்ஸ் வரைக்கும் நம்மை விடாமல் துரத்துற பதில் அது. பரீட்சையில் எழுதினா முழு மார்க். ஆனா, அதை நம்பி மைதானத்தில் இறங்கினா?

உலகத்தின் டாப் குண்டு எறியும் வீரர்களைப் பாருங்க. குண்டு அவங்க கையை விட்டுக் கிளம்புற கோணம் பெரும்பாலும் 35-ல் இருந்து 40 டிகிரிக்குள்தான். ஈட்டி எறியறவங்களுக்கு 30-களின் நடுவில். நீளம் தாண்டுறவங்க இன்னும் மோசம்... 20 டிகிரி பக்கம்! இவங்க யாருக்கும் பிசிக்ஸ் தெரியாதா? நல்லாவே தெரியும் பாஸ். நம்ம ஃபார்முலாவுக்குத்தான் அவங்க உடம்பைப் பற்றித் தெரியாது.

அந்த 45-க்குப் பின்னாடி மூணு கண்டிஷன் ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, பொருள் கிளம்பின அதே மட்டத்தில் வந்து விழணும். ரெண்டு, எந்தக் கோணத்தில் எறிஞ்சாலும் வேகம் மாறக் கூடாது. மூணு, காற்று என்கிற ஒண்ணே இருக்கக் கூடாது. மைதானத்தில் இந்த மூணுமே உடையுது.

முதல் கண்டிஷனை குண்டு எறிதலில் உடைச்சுப் பார்ப்போம். குண்டு தரையில் இருந்து கிளம்பறதில்லை. ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில், தோளுக்கு மேலே இருந்து கிளம்புது. நொடிக்கு 14 மீட்டர் வேகம்னு வெச்சுக்கிட்டுக் கணக்குப் போட்டா, சிறந்த கோணம் 42 டிகிரி பக்கம் வருது. தூரம் 21.91 மீட்டர். அதே வேகத்தில் 45-ல் எறிஞ்சா 21.83. வித்தியாசம் வெறும் 8 சென்டிமீட்டர். 'அவ்வளவுதானா, இதுக்கா இவ்வளவு பில்டப்?'னு கேட்காதீங்க. மெயின் வில்லன் ரெண்டாவது கண்டிஷன்தான்!

ஜிம்முக்குப் போற நண்பர்களுக்கு இது சட்டுனு புரியும். ஃப்ளாட் பெஞ்ச்சில் படுத்துத் தூக்குற அதே வெயிட்டை, பெஞ்ச்சைச் சாய்ச்சு வெச்சுத் தூக்கிப் பாருங்க... கை நடுங்கும். மனுஷ உடம்புக்கு நேரா முன்னாடி தள்ளுற பலம், மேல்நோக்கித் தள்ளும்போது கிடையாது. போதாக்குறைக்கு 7.26 கிலோ குண்டின் எடை வேற எதிரா இழுக்குது. அதனால, கோணம் ஏற ஏற, கிளம்புற வேகம் குறையுது. கோணத்தைக் கொஞ்சம் தாழ்த்தி 37 டிகிரியில் எறியறதால, 14-க்குப் பதிலா 14.2 மீட்டர் வேகம் கிடைக்குதுன்னு வெச்சுக்கங்க. தூரம் 22.15 மீட்டர்! 'சிறந்த' கோணத்தையே 24 சென்டிமீட்டர் முந்தியாச்சு. காரணம் சிம்பிள். ஃபார்முலாவில் வேகம் வர்க்கமா வருது. வேகத்தை 10 சதவிகிதம் கூட்டினா, தூரம் கிட்டத்தட்ட 20 சதவிகிதம் கூடும். கோணத்தில் அஞ்சு டிகிரி தப்பினாலும் குண்டு மன்னிச்சுடும். வேகத்தில் தப்பினா மன்னிக்காது.

நீளம் தாண்டுதலில் இது இன்னும் பச்சையா தெரியும். ஒருத்தர் நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பறக்கிறார். 45 டிகிரி வேணும்னா, மேல்நோக்கியும் அதே 9 வேணும். அப்படிக் கிளம்பினா அவர் உடம்பு 4 மீட்டருக்கு மேல எழும்பணும். உயரம் தாண்டுதலில் கியூபாவின் ஜேவியர் சோட்டோமேயர் 1993-ல் படைச்ச உலக சாதனையே 2.45 மீட்டர்தான்! சரி, ஓட்டத்தைக் குறைச்சு ரெண்டையும் சமமாக்கலாமா? முன்னோக்கி 4, மேல்நோக்கி 4. கோணம் அசல் 45. தூரம்..? சுமார் 3.3 மீட்டர். பள்ளிக்கூடப் பசங்களே தாண்டிடுவாங்க. முன்னோக்கி 9, மேல்நோக்கி 3.5-னு போட்டுப் பாருங்க. கோணம் 21 டிகிரி, தூரம் 6.4 மீட்டர். காலை நீட்டித் தாழ்வா மணலில் இறங்கறது தனி போனஸ். நம்ம தூத்துக்குடி மாவட்டத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023-ல் 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைச்சதும் இந்தத் தாழ்வான பாதையிலதான்.

மூணாவது கண்டிஷன், காற்று. 'ஏர் ரெசிஸ்டன்ஸை நெக்லெக்ட் செய்க'னு ஒரே வரியில் துரத்தி விடுவோமே, அது ஈட்டிகிட்ட பலிக்காது. ஈட்டி கிட்டத்தட்ட குட்டி க்ளைடர். காற்று அதைத் தடுக்கும், தாங்கவும் செய்யும். 1984-ல் கிழக்கு ஜெர்மனியின் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிஞ்சார். ஸ்டேடியமே மிரண்டது. இன்னும் கொஞ்சம் போனா மைதானத்தின் எல்லையைத் தாண்டிடுமேங்கிற பயம். போதாததுக்கு, ஈட்டி சில நேரம் குத்தாமல் படுத்தபடியே தரையிறங்கி, நடுவர்களைக் குழப்பிட்டிருந்தது. என்ன செஞ்சாங்க தெரியுமா? வீரர்களை ஒண்ணும் சொல்லலை, ஈட்டியை மாத்திட்டாங்க! 1986-ல் ஆண்கள் ஈட்டியின் எடை மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினாங்க. மூக்கு சீக்கிரமே கீழே சாய, தூரம் குறைஞ்சது. சாதனைப் பட்டியல் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிச்சது. வெறும் 4 சென்டிமீட்டர்தான், ஆனா ஹோனின் அந்த எறி பட்டியலை விட்டே வெளியே போயிடுச்சு. நீரஜ் சோப்ரா 2021 டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிஞ்சு தங்கம் வாங்கினது இந்தப் புது ரக ஈட்டியில்தான். அந்த நீரஜுக்கு ஒரு காலத்தில் கோச்சா இருந்தவர் யார் தெரியுமா? அதே ஊவே ஹோன்!

அப்போ 45 டிகிரி பொய்யா? இல்லவே இல்லை. அந்த மூணு கண்டிஷனுக்குள்ள அது நூறு சதவிகிதம் உண்மை. சிக்கல் என்னன்னா, நாம விடையை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கிட்டு, கண்டிஷனை மறந்துடறோம். நாளைக்கு நாம கட்டப்போற பாலத்துக்கும், டிசைன் பண்ணப்போற மெஷினுக்கும் இதே மறதி வந்தா, போறது மெடலா மட்டும் இருக்காது.

ஸ்போர்ட்ஸ் டேக்கு ரெடியாகிற குண்டு, ஈட்டி பார்ட்டிகளுக்கு ஒரு டிப்ஸ். 'டேய், 45-ல எறிடா'னு எந்த சீனியராவது அட்வைஸ் பண்ணினா, சிரிச்சுக்கிட்டே தலையாட்டுங்க. அப்புறம் ஃப்ரெண்டை விட்டுப் பக்கவாட்டில் நின்னு, மொபைலில் ஸ்லோமோஷன் வீடியோ எடுக்கச் சொல்லுங்க. பத்து முறை எறிங்க. எந்த எறி தூரமாப் போச்சோ, அதோட கோணத்தைப் பாருங்க.

அதுதான் உங்க டிகிரி. யுனிவர்சிட்டி கொடுக்கிறது வேற!