ஸ்பெக்குக்குள்ள தான் இருக்கு சார்!

காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கி, அது சரியில்லைன்னு சர்வீஸ் சென்டர் கவுன்ட்டர்ல நின்ன அனுபவம் உங்களுக்கு இருந்தா இந்த வசனம் மனப்பாடமா தெரிஞ்சிருக்கும். "செக் பண்ணிட்டோம் சார், எல்லாம் ஸ்பெக்குக்குள்ள தான் இருக்கு." அவ்ளோ தான், ஆட்டம் க்ளோஸ். அதுக்கு மேல வாயைத் திறந்தா நாம தான் சண்டைக்காரன். பின்னாடி வரிசையில நிக்கிறவங்க கூட நம்மளைத் தான் முறைப்பாங்க.

மெக்கானிக்கல் படிச்சிட்டு மகேந்திரா சிட்டியில பொட்டி தட்டுற கூட்டத்துல நானும் ஒருத்தன். படிச்சதுல முக்கால்வாசி மறந்து போச்சு. ஆனா மெஷின் ட்ராயிங் வகுப்புல திட்டு வாங்கிக் கத்துக்கிட்ட ஒண்ணு மட்டும் மறக்கல. 25 மில்லிமீட்டர் தண்டு வேணும்னா வெறுமனே 25-னு எழுதக் கூடாது. கூட எவ்ளோ போகலாம், குறைய எவ்ளோ போகலாம்னு பக்கத்துலயே எண் போடணும். எண் இல்லாத டாலரன்ஸுன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. அதனால தான் யாராவது "ஸ்பெக்குக்குள்ள இருக்கு"ன்னு சொன்னா எனக்கு உடனே வாயில வர்ற கேள்வி, "சரிங்க, ஸ்பெக் எவ்வளவு?"

இந்தக் கேள்வியை ஒரு கேமரா லென்ஸை வெச்சுக்கிட்டு கிட்டத்தட்ட மூணு மாசம் கேட்டேன். பதில் வரல. கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன், வீட்டுக்கு ஆட்டோ வரும் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். கேமராவோட சேர்ந்து வர்ற குட்டி லென்ஸை வெச்சு நாலு வருஷம் ஓட்டிட்டு, போன தடவை போனஸ் வந்ததும் 72,000 ரூபாய்க்கு ஒரு ஜூம் லென்ஸ் வாங்கினேன். பாதி போனஸ், மீதி 12 மாச இஎம்ஐ. பர்மா பஜார் சரக்கு இல்ல, முறையான பில், வாரண்டி கார்டு எல்லாம் இருந்துச்சு. முதல் வேலை அக்கா பொண்ணு காதுகுத்து. குரூப் போட்டோவுல நடுவுல குழந்தை, வலது பக்கம் மாமா வீட்டு ஆளுங்க எல்லாம் கண்ணு மை வரைக்கும் பளிச். இடது பக்கம் நின்ன பெரியப்பா குடும்பம் மொத்தமும் கலங்கல். "ஏன்டா, மொய் கம்மியா வெச்சேன்னா?"ன்னு பெரியப்பா இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கார்.

இது ஏன் வருதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஒரு ஜூம் லென்ஸுக்குள்ள சர்வ சாதாரணமா 15, 20 கண்ணாடி இருக்கும். எல்லாத்தோட மையமும் ஒரே நேர்கோட்டுல நிக்கணும். அதுல ஒண்ணு இம்மி நகர்ந்தாலோ சாய்ஞ்சாலோ படத்துல ஒரு பக்கம் தெளிவாவும் இன்னொரு பக்கம் மழுங்கியும் வரும். டீசென்ட்டரிங்னு சொல்லுவாங்க. ஜூம் பண்ணும்போது, போகஸ் பண்ணும்போது உள்ள இருக்கிற கண்ணாடிக் கூட்டம் முன்னும் பின்னும் ஓடுது. அத்தனை ஓட்டத்துலயும் கோடு தப்பாம நிக்கணும்னா அது லேசுப்பட்ட வேலை இல்ல, அதையும் ஒத்துக்கறேன். கோணல் மாணலா வளையுற பிம்பத்தை நம்ம சாப்ட்வேர் ஆளுங்க கேமராவுக்குள்ளயே நிமிர்த்திடுவாங்க. ஓரம் கறுத்தாலும் வெளுத்துடுவாங்க. ஆனா போகஸ்ல விழாத தலைமுடியை எந்தக் கோடும் திருப்பிக் கொண்டு வராது.

ரெண்டு லென்ஸ் ஒரே மாதிரி இருக்காதுங்கறதும் உண்மை தான். அமெரிக்காவுல லென்ஸ்ரென்டல்ஸ்னு ஒரு வாடகைக் கம்பெனி. அதை ஆரம்பிச்ச ராஜர் சிகாலா, ஒரே மாடல் லென்ஸை பல காப்பி எடுத்து ஆப்டிகல் பெஞ்சுல ஏத்தி அளந்து வருஷக்கணக்கா எழுதினவர். விலை எவ்ளோ போட்டாலும் காப்பிக்குக் காப்பி வித்தியாசம் இருக்கும்னு அவர் வரைபடங்களைப் பார்த்தாலே புரிஞ்சிடும். அதனால நான் குறையே இல்லாத லென்ஸ் கேட்கல. எவ்ளோ குறை வரைக்கும் நீங்க விப்பீங்க, அதைச் சொல்லுங்கன்னு தான் கேட்டேன்.

கவுன்ட்டருக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம பக்கம் சுத்தமா இருக்கணும். லென்ஸ் மேல வர்ற புகார்ல நிறைய, லென்ஸோட தப்பே இல்ல. மாமல்லபுரம் கடற்கரையில காலை 10 மணிக்கு மேல டெலி லென்ஸ்ல எடுத்துட்டு கலங்குதுன்னு அழுதா அது சூடான காத்து செய்யற வேலை. அலைச்சாரல் பட்டு முன் கண்ணாடியில உப்புப் படலம் படியும். ஏசி கார்ல இருந்து இறங்கினதும் லென்ஸ் வேர்த்துப் போகும், பத்து பதினஞ்சு நிமிஷம் பையோட வெளிய வெச்சிருந்து அப்புறம் எடுக்கணும். உள்ள ஒரு தூசி மிதக்குதுன்னு திருப்பிக் கொடுக்கிறதெல்லாம் வீண் வேலை. அது படத்துல தெரியவே தெரியாது.

நான் செஞ்சது ரெண்டு சோதனை. செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரையில ராத்திரி ட்ரைபாட் போட்டு, தூரத்துல தெரியற ஒத்தை விளக்கை முதல்ல நடுவுலயும் அப்புறம் நாலு மூலைகள்லயும் வர்ற மாதிரி வெச்சு எடுத்தேன். நடுவுலயும் வலது மூலைகள்லயும் புள்ளியா நின்ன விளக்கு, இடது மூலைகள்ல புளியங்கொட்டை மாதிரி வால் விட்டுச்சு. அடுத்தது மாமல்லபுரத்துல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. கடற்கரைக் கோயில் வளாகத்துக்குள்ள ட்ரைபாட் போட தொல்லியல் துறை அனுமதி வேணும், அதனால வெளிய மணல்ல. தூரத்துல வரிசையா நிக்கிற படகுகளை ஒரு படம். அப்புறம் கேமராவைத் தலைகீழா கவுத்து அதே இடத்துல இன்னொரு படம். முதல் படத்துல கலங்கின படகு ரெண்டாவதுலயும் கலங்கினா அது காத்தோ தூரமோ. கலங்கல் இப்போ வேற படகுக்கு மாறி, சட்டத்தோட அதே ஓரத்துல ஒட்டிக்கிட்டு வந்தா லென்ஸ் தான் குத்தவாளி. வேற கருவி எதுவும் வேணாம். எனக்குக் கலங்கல் கூடவே வந்துச்சு.

படங்களோட போனேன். கடையில ஒரு தடவை மாத்திக் கொடுத்தாங்க. ரெண்டாவது காப்பி முதலாவதுக்கு அண்ணன், இதுல இடது மேல் மூலை. "இனிமே கம்பெனி சர்வீஸ் தான் சார்." சர்வீஸ்ல பத்து நாள் வெச்சிருந்துட்டு மேலே சொன்ன அதே வசனம். ஸ்பெக் என்னன்னு கேட்டா "அது இன்டர்னல் சார்." நுகர்வோர் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, அளந்த அளவையும் அனுமதிச்ச அளவையும் எழுத்துல கொடுங்கன்னு மெயில் போட்டேன். நாலாம் நாள் போன். "கொண்டு வாங்க சார், இன்னொரு தடவை பார்க்கறோம்." இந்தத் தடவை லென்ஸ் சரியாகித் தான் வந்துச்சு. கூட வந்த சீட்டுல 'ஆப்டிகல் அட்ஜஸ்ட்மென்ட் செய்யப்பட்டது'ன்னு இருந்துச்சு. ஸ்பெக்குக்குள்ள இருந்த லென்ஸுல எதை அட்ஜஸ்ட் பண்ணாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல.

நண்பன் ஒருத்தன் சொல்றான், "படம் நல்லாருந்தா போதாதாடா, நூறு சதவீதம் பெருசாக்கி ஓரத்தை நோண்டறது ஒரு வியாதி." நியாயம் தான். ஆனா அந்த ஓரத்தைக் காட்டித் தானே 72,000 வாங்கினாங்க? ஒவ்வொரு லென்ஸுக்கும் எம்டிஎஃப்னு ஒரு வரைபடம் போடுவாங்க, நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் எவ்ளோ தெளிவுன்னு கோடு போட்டு. அதுல பெரும்பாலும் டிசைனை வெச்சு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டது தான், செஞ்சு முடிச்ச லென்ஸை அளந்தது இல்ல. ஜெய்ஸ் மாதிரி சிலர் அளந்து போடறாங்க. மத்தவங்க காட்டறது பொண்ணு போட்டோ இல்ல, ஜாதகம்.

அளக்க முடியாதுன்னு சொல்லவும் வழியில்ல. சிக்மா 2012-ல புது வரிசை லென்ஸுகளை அறிவிச்சப்போ, ஏ1-னு சொந்தமா செஞ்ச எம்டிஎஃப் கருவியில ஒவ்வொரு லென்ஸையும் சோதிச்சுத் தான் அனுப்பறோம்னு பெருமையா சொல்லிக்கிச்சு. பெருமைப்படலாம், தப்பில்ல. அந்த அளவு எங்கயோ ஒரு சர்வர்ல சீரியல் நம்பரோட உக்காந்திருக்கும் இல்லையா? அதை வாங்கினவனுக்குக் காட்டறதுல என்ன கஷ்டம்? நம்ம ஊர் நகைக்கடையில அது நடக்குதே. ஹால்மார்க் கட்டாயமான மாவட்டங்கள்ல 2023 ஏப்ரல் 1-ல இருந்து ஒவ்வொரு நகையிலயும் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாளம் இருந்தா தான் விக்கலாம். பிஐஎஸ் கேர் செயலியில அதைத் தட்டினா எத்தனை காரட், எந்த மையத்துல சோதிச்சாங்கன்னு வந்துடும். எங்கம்மா கடைக்காரர் முன்னாடியே தட்டிப் பார்க்கறாங்க. மாமல்லபுரம் சிற்பிகளும் கல்லைத் தட்டி, நாதத்தைக் கேட்டு, மணி மாதிரி கணீர்னு வந்தா தான் எடுப்பாங்க. பொத்துன்னு சத்தம் வந்தா உள்ள விரிசல். தங்கத்தையும் கருங்கல்லையும் தட்டிப் பார்த்து வாங்கற ஊர்ல லென்ஸை மட்டும் நம்பி வாங்கணுமாம்.

"எங்க கருவி சொல்லுது, நீ சொல்றது தப்பு"ங்கற மனப்பான்மைக்கு உலகத்துலயே பெரிய உதாரணம் ஹப்பிள் தொலைநோக்கி. 1990 ஏப்ரல்ல மேல போச்சு. 2.4 மீட்டர் கண்ணாடி. நம்ம ஜவ்வாது மலை காவலூர்ல 1986-ல திறந்த தொலைநோக்கியோட கண்ணாடி 2.34 மீட்டர், பெங்களூர்ல இந்திய வானியற்பியல் நிறுவனத்துலயே மெருகேத்தினது. ஏறக்குறைய அதே அளவு. ஹப்பிள் கண்ணாடியோட விளிம்பு மட்டும் சுமார் 2.2 மைக்ரான் அதிகமா தட்டையாகிடுச்சு. காரணம், மெருகேத்தும்போது சோதிச்ச கருவியில ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உக்காந்திருந்தது. கொடுமை என்னன்னா, வேற ரெண்டு சாதாரணக் கருவிகள் தப்பைக் காட்டிக் கொடுத்துச்சு. நம்ம பெரிய கருவியை விட அதுங்க துல்லியம் கம்மின்னு ஓரங்கட்டிட்டாங்க. கண்ணாடி 'ஸ்பெக்குக்குள்ள' மேல போச்சு. 1993 டிசம்பர்ல விண்வெளி வீரர்களை அனுப்பி, கண்ணு சரியில்லாதவங்களுக்கு மூக்குக் கண்ணாடி மாட்டற மாதிரி மாட்டினப்புறம் தான் படம் தெளிஞ்சுது.

தப்பை ஒத்துக்கிட்டா கம்பெனி முழுகிடாதுன்னும் பார்த்தாச்சு. 2005-ல கேனான் 24-105 லென்ஸோட முதல் சரக்குல ஒளி தெறிச்சு கறை மாதிரி விழுந்துச்சு. எந்த சீரியல் வரைக்கும்னு வெளிப்படையா சொல்லி இலவசமா சரி செஞ்சாங்க. அந்த லென்ஸ் அப்புறம் பல வருஷம் நல்லா ஓடிச்சு. நிக்கான் 2012-ல விட்ட டி600 கேமராவுல சென்சார் மேல புள்ளி புள்ளியா அழுக்கு. முதல்ல துடைச்சுக்கோங்கன்னாங்க. 2014 மார்ச்ல சீன அரசு தொலைக்காட்சி நாறடிச்சப்புறம் தான் முழுசா இறங்கி வந்தாங்க. ரெண்டு கதைக்கும் உள்ள வித்தியாசம் தொழில்நுட்பம் இல்ல, வாய்.

நம்மளால என்ன செய்ய முடியும்? 2020 ஜூலை 20-ல அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அதுல 2(10) பிரிவு 'குறைபாடு'ன்னா என்னன்னு சொல்லும்போது, விக்கிறவர் சொல்லிக்கிட்ட தரத்துல இருந்து குறைஞ்சாலும் குறைபாடு தான்னு வருது. ஆக, விளம்பர வரைபடமும் நம்ம கையில ஒரு ஆயுதம். முன்னாடி மாதிரி கம்பெனி இருக்கிற ஊருக்குப் போய் அலைய வேணாம், நாம குடியிருக்கிற இல்ல வேலை பார்க்கிற மாவட்டத்துலயே வழக்கு போடலாம். எங்களுக்கு செங்கல்பட்டுலயே ஆணையம் இருக்கு. பொருள் விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. பிரச்சனை வந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி 1915-க்குப் போன் பண்ணிப் புகார் பதிஞ்சாலே பல கம்பெனி வழிக்கு வந்துடும்.

இதுல ஒரே ஓட்டை, சோதனை. தேவைப்பட்டா பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப சட்டத்துல வழி இருக்கு, ஆனா லென்ஸை அளக்கறதுக்கு எந்தக் கூடம்னு தேடி அலையறதுக்குள்ள நமக்குத் தாடி முளைச்சிடும். அதனால என் யோசனை, ஆணையத்துக்கு ஆவணங்களை வரவழைக்கிற அதிகாரம் இருக்கு. கம்பெனிகிட்ட இருக்கிற அளவையே கேட்கச் சொல்லி மனு போடணும். 'இன்டர்னல் சார்' அங்க செல்லாது.

புதுசா லென்ஸ் வாங்கறவங்க முதல் வாரத்துலயே அந்தத் தலைகீழ் சோதனையைப் பண்ணிடுங்க. மாத்தித் தர்ற நாள் முடிஞ்சப்புறம் கண்டுபிடிச்சா அலைச்சல் பத்து மடங்கு. டப்பாவைத் தூக்கிப் போடாதீங்க. பில்லு வழவழன்னு தெர்மல் பேப்பரா இருந்தா அன்னிக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுடுங்க, கொஞ்ச மாசத்துல எழுத்தெல்லாம் மறைஞ்சு வெள்ளைப் பேப்பர் ஆயிடும்.