மோட்டார் காரும் முகூர்த்தமும்

நம் மக்கள் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது காட்டுகின்ற புத்தியில் பத்தில் ஒரு பங்கையாவது மோட்டார் கார் வாங்கும்போது காட்டுகின்றார்களா என்று கேட்டால், இல்லையென்றே சொல்ல வேண்டியிருக்கின்றது. கத்தரிக்காயைக் கையில் எடுத்துக் காம்பைப் பார்க்கின்றார்கள்; சொத்தை உண்டா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கின்றார்கள்; நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கின்றார்கள். ஆனால் எட்டு லட்சம், பத்து லட்சம் ரூபாய், அதிலும் பெரும்பாகம் பாங்கியில் வட்டிக்கு வாங்கிய ரூபாயைக் கொடுத்துக் கார் வாங்கப் போகின்ற மனிதன் வியாபாரியிடம் கேட்கின்ற முதல் கேள்வி என்னவென்றால், "வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குள் வண்டி கைக்கு வந்துவிடுமா?" என்பதுதான். பத்தரைக்கு மேல் இராகு காலமாம்!

நாம் இதைப் பரிகாசத்திற்காகச் சொல்ல வரவில்லை. இந்த ஒரு கேள்வியினால் குடும்பத்தின் பணமும், அதைவிட முக்கியமாகக் குடும்பத்தின் உயிர்ப் பாதுகாப்பும் எப்படிப் பறிபோகின்றன என்பதைக் கணக்கோடு காட்டவே எழுதுகின்றோம்.

கோயம்பேட்டிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயல், வானகரம், வேலப்பன்சாவடி என்று மேற்கே போகின்றவர்களுக்கு இந்தப் பிரதேசத்தின் யோக்கியதை தெரியும். வானகரத்திலிருந்து இருபது மைல்கூட இல்லாத இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி 1998 முதல் கார் செய்து வருகின்றது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. ஆவடியில் 1965-லேயே விஜயந்தா டாங்கி செய்து வெளியே விட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டிலோ மோட்டார் உறுப்புகள் கடையாத லேத்துப் பட்டறைகள் குறைவு. ஆகவே இந்த ஊர்க்காரர்களுக்குக் கார் என்பது ஆகாயத்திலிருந்து விழுந்த பொருளல்ல. தங்கள் கையாலேயே, மயிரிழை அளவுகூடத் தப்பாமல் அளந்து கடைந்து அனுப்புகின்ற உறுப்புகளால் ஆனது. அப்படிப்பட்டவர்களே அந்தக் காரை வாங்கும்போது பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு போவதென்றால் என்ன சொல்லுவது?

நமக்குப் பிடித்தபடி காரைச் சொல்லிச் செய்துகொள்வது என்பது ஒரு காலத்தில் ஜமீன்தார்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் மட்டுமே உரிய காரியமாக இருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் சிம்ப்சன் கம்பெனியார் கோச்சு வண்டி கட்டி வந்தவர்கள். அங்கே 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவி மோட்டார் ஒன்று செய்து ஓட்டிக் காட்டினார். பிறகு கப்பலில் வந்திறங்கிய அடிச்சட்டத்தின்மேல், வாங்குகின்றவர் கேட்டபடி மரமும் தோலும் வைத்து மேற்கூடு கட்டிக் கொடுத்தார்கள். சுயராஜ்யம் வந்த பின்போ அம்பாசிடர், பியட் என்ற இரண்டொரு வண்டிகளுக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்து, வந்த நிறத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். 1983 டிசம்பர் 14-ந் தேதி மாருதி காரின் முதல் சாவி கொடுக்கப்பட்ட பிறகும், 1991-க்குப் பின் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்த பிறகும்தான், சாதாரண மனிதன் "இன்ன என்ஜின், இன்ன கியர், இன்ன நிறம், இத்தனை ஏர்பேக் உள்ள வண்டிதான் எனக்கு வேண்டும், கிடங்கில் இல்லையென்றால் தொழிற்சாலையிலிருந்து வரவழைத்துக் கொடு" என்று கேட்கும்படியான காலம் வந்தது. இவ்வளவு நாள் காத்திருந்து கிடைத்த இந்த உரிமையை நம் மக்கள் என்ன செய்கின்றார்கள்?

ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகின்றோம். அம்பத்தூரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் நம் தோழர் ஒருவர், ஆறு ஏர்பேக் உள்ள (அதாவது வண்டி மோதும்போது விரிந்து ஆளைத் தாங்குகின்ற ஆறு பைகள் உள்ள) வெள்ளை நிறக் கார் ஒன்றுக்கு அட்வான்ஸ் கட்டினார். ஆறு வாரம் ஆகும் என்றார்கள். சரி என்று வந்துவிட்டார். இதற்குள் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஜோசியரிடம் போய், தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைவிட்டால் இவருடைய நட்சத்திரத்திற்கு வைகாசி வரையில் நாளே இல்லை என்று கேட்டு வந்தார். தோழர் அதை அப்படியே கடைக்காரப் பையனிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான்! மறுநாளே டெலிபோன். "சார், உங்களுக்கு யோகம்தான். கிடங்கில் ஒரே ஒரு வண்டி இருக்கிறது. சாம்பல் நிறம், ஏர்பேக் இரண்டு, சீட்டு உறை, பாயெல்லாம் முன்னாலேயே போட்டாகிவிட்டது, அதற்குத் தனியாக நாற்பதாயிரம். இன்றைக்கே பணம் கட்டினால் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சாவி."

கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்து, நான்கு சக்கரத்திற்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி வீட்டுக்கு ஓட்டி வந்தார். பிறகு காகிதங்களை எடுத்துப் பார்த்தால், வண்டி செய்யப்பட்டது முந்தின வருஷம் மே மாதம். எட்டு மாதம் வெயிலில் கிடந்த வண்டி. இன்ஷ்யூரன்சும் வெளியில் விசாரித்ததைவிடப் பன்னிரண்டாயிரம் அதிகம். மொத்தத்தில் அவர் செய்த வியாபாரம் என்னவென்றால், நான்கு ஏர்பேக்கைக் கொடுத்து நான்கு எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டதுதான்.

வியாபாரியை மாத்திரம் வைது பிரயோஜனமில்லை. அவர் தம் தொழிலைச் செய்கின்றார். கிடங்கில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் அவர் பாங்கிக்கு வட்டி கட்டுகின்றார். மாதத்திற்கு இத்தனை வண்டி விற்க வேண்டுமென்று கம்பெனி அவர் கழுத்தில் கத்தி வைத்திருக்கின்றது. அதாவது, காத்திருக்க முடியாதவர் வியாபாரி. காத்திருக்க முடிந்தவர் வாங்குகின்றவர். பேரத்தில் வாங்குகின்றவருக்குள்ள முக்கியமான பலமே இதுதான். "வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்" என்று வாய் திறந்த நிமிஷத்தில் அந்தப் பலம் மேஜைக்கு அந்தப்பக்கம் போய்விடுகின்றது. சம்பளமில்லாமல் வியாபாரிக்கு உழைக்கின்ற ஏஜெண்டு ஒருவர் உண்டென்றால் அவர் பஞ்சாங்கக்காரர்தான்.

நிற்க. அந்த நல்ல நேரத்தின் யோக்கியதைதான் என்ன? இராகு என்று ஒரு கிரகம் வானத்தில் கிடையாது. சந்திரன் போகும் பாதையும், சூரியன் போவதாகத் தோன்றும் பாதையும் வெட்டிக்கொள்ளும் புள்ளிக்கு வைத்த பெயர் அது. பகலை எட்டாக வெட்டி ஒரு துண்டுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். இங்கே வெள்ளிக்கிழமை பத்தரை மணியாகும்போது கொரியாவில் பிற்பகல் இரண்டு மணி. அங்கேயும் இங்கேயும் கார் செய்கின்ற ஒரே கம்பெனிக்கு எந்த ஊர் இராகு?

அன்றியும் நாம் கேட்கின்றோம்: காருக்குப் பிறந்த நேரம் எது? தகட்டை அழுத்திய நேரமா? இயந்திரக் கைகள் பற்றவைத்த நேரமா? என்ஜினைத் தூக்கி வைத்த நேரமா? சேசிஸ் நம்பர் பொறித்த நேரமா? தொழிற்சாலையில் ஷிப்டு மாறி ஷிப்டாக வேலை நடக்கின்றது. இராகு காலம், எமகண்டம், அஷ்டமி, நவமி, அமாவாசை எதற்கும் அங்கே பெல்ட்டு நிற்பதில்லை. எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் தொட்டுத் தொட்டுச் செய்த பண்டம் அது. கெட்ட நேரத்தில் முடுக்கிய போல்ட்டு எது, நல்ல நேரத்தில் முடுக்கிய போல்ட்டு எது என்று எந்த ஜோசியராவது தொட்டுக் காட்டட்டும், பார்க்கலாம்.

பாமர மக்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2019 அக்டோபர் 8-ந் தேதி, பிரான்சு தேசத்தில் போர்தோ நகரத்தை அடுத்து, அந்நாட்டுப் பொறியியலார் செய்து கொடுத்த ரபேல் யுத்த விமானத்தை வாங்கப் போன நம் பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங் அவர்கள், அதற்குத் தேங்காய் வைத்துப் பொட்டிட்டுச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். மந்திரியே வைக்கும்போது மளிகைக் கடைக்காரர் வைப்பதற்கு என்ன?

நம்பர் விஷயமும் அப்படியே. கூட்டினால் எட்டு வருகின்ற நம்பர் என்றால் சனி என்று நம்மவர்கள் ஓடுகின்றார்கள். அதே எட்டுதான் சீனர்களுக்கு அதிர்ஷ்டம். பீக்கிங் ஒலிம்பிக்கை 2008-ம் வருஷம் எட்டாம் மாதம் எட்டாம் தேதி இரவு எட்டு மணிக்குத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரரும் லேசுப்பட்டவர்களல்ல. அயர்லாந்தில் கார் நம்பர் வருஷத்தைக் கொண்டு தொடங்கும். 2013 வந்தபோது "13" என்ற நம்பருக்குப் பயந்து ஜனங்கள் வாங்கமாட்டார்கள் என்று வியாபாரிகள் கவலைப்பட, 131 என்றும் 132 என்றும் மாற்றிக்கொண்டார்கள்.

"இதனால் என்ன நஷ்டம்? வீட்டில் பெண்கள் மனத்திருப்திக்காகத்தானே" என்று சில ஆண்பிள்ளைகள் சொல்லுகின்றார்கள். ஜோசியரிடம் போவதற்குப் பெண்கள் மனம் வேண்டும். எந்தக் கார் என்று தீர்மானிக்கும்போது மட்டும் பெண்களைக் கேட்பதில்லை. ஏர்பேக் இரண்டா ஆறா என்று அந்த அம்மாளிடமே கேட்டுப் பார்க்கட்டும். பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்து உட்காருகின்றவர் அவர்தானே.

2022-ம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்கார் கணக்குச் சொல்லுகின்றது. இதில் மாண்டவர்களின் வண்டிகளில் எலுமிச்சம்பழம் ஏறாத வண்டி எத்தனை இருந்திருக்கும்? நட்சத்திரம் கேட்கத்தான் வேண்டும் என்றால், கேட்க வேண்டிய நட்சத்திரம் ஒன்று இருக்கின்றது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்-கேப் என்ற பரீட்சையில் காரைச் சுவரில் மோதவிட்டுப் பார்த்து, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று கொடுக்கின்றார்கள். ரோகிணியா கார்த்திகையா என்பதை விட்டுவிட்டு, பெரியவர்களுக்கு எத்தனை, குழந்தைகளுக்கு எத்தனை என்று இதைக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கட்டலாம்.

பிறகு பில்லைப் பார்க்க வேண்டும். "ஆன்-ரோடு விலை" என்று ஒரே தொகையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், ஒவ்வொரு இனமாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி.யும் வாழ்நாள் வரியும் சர்க்காருக்குப் போகின்றவை. அதில் பேரம் கிடையாது. ஆனால் இன்ஷ்யூரன்சைத் தங்களிடமே எடுக்க வேண்டுமென்று வியாபாரி கட்டாயப்படுத்தக்கூடாது என்பது இன்ஷ்யூரன்ஸ் ஆணையத்தின் 2017-ம் வருஷத்து விதி. பிறத்தியாருக்கு ஏற்படும் நஷ்டத்திற்கான பாலிசியை மூன்று வருஷத்திற்குச் சேர்த்து எடுப்பது 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதை எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். பத்து லட்சத்திற்கு மேற்பட்ட காருக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் பிடிப்பது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கக்கூடிய பணம். பலர் அதைக் கேட்பதேயில்லை. "ஹாண்ட்லிங் சார்ஜ்" என்று ஒன்று எழுதியிருந்தால், வண்டியைக் கடைக்குக் கொண்டு வந்த செலவு விலையிலேயே அடங்கவில்லையா என்று கேட்டு, எந்தச் சட்டப்படி வாங்குகின்றீர்கள் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த வரி அடிக்கப்பட்டுவிடும்.

இனி எப்போது வாங்குவது? நாள் பார்க்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வியாபாரியின் நாளைப் பார்க்க வேண்டும் என்கின்றோம். மோட்டார் வியாபாரிகளின் அகில இந்தியச் சங்கமே தன் மாதாந்தர அறிக்கைகளில், பித்ரு பட்சம் முதலிய காலங்களில் ஜனங்கள் வராததால் விற்பனை படுத்துவிட்டது என்று எழுதுகின்றது. 2024 செப்டம்பரில் எண்பது நாள் விற்பனைக்கு மேல் கார்கள் கிடங்குகளில் நின்றதாக அதே சங்கம் சொல்லிற்று. அடுத்த வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி சிறு கார்களின் வரி 18 சதவீதமாகக் குறைந்தபோது ஜனங்கள் வந்து குவிந்தார்கள். அன்று நவராத்திரி ஆரம்பம் என்பதால் அந்தப் பெருமையை அம்மனுக்குக் கொடுத்தவர்களும் உண்டு. வரி குறையாத நவராத்திரியில் அம்மன் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

நம் நாட்டில் அப்படி ஜனங்கள் வராத மாதம் ஆடி. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடு வரையில் கடைகள் ஈயோட்டும். ஆகவே தொழிற்சாலையிலிருந்து வரவழைக்க வேண்டிய வண்டிக்கு வைகாசியிலேயே எழுதிக் கொடுத்து, ஆடியில் கைக்கு வரும்படி செய்துகொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேல் இராகு காலம். அந்த நேரத்தில் கடைக்குப் போனால் கூட்டமே இராது. கடைக்காரப் பையனுக்கும் பதில் சொல்ல நேரம் இருக்கும். கேட்ட நிறமா, கேட்டபடி ஏர்பேக் ஆறா என்று எண்ணிப் பார்த்து, 21-ம் நம்பர் விற்பனைச் சான்றில் வண்டி செய்த மாதமும் வருஷமும் என்ன என்று படித்து, அதன்பிறகு பாக்கிப் பணத்தைக் கட்டலாம். எலுமிச்சம்பழத்தை வீட்டிற்கு எடுத்து வந்து ஊறுகாய் போடலாம்.